பெட்டிக்குள் வரும் போத்தல்: யாழ்ப்பாணத்தில் இருந்தபடி சின்னப் பண்ணைகளின் வைனைத் தேடிச் சுவைக்க ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாண நகரத்து மதுக்கடைத் தட்டுகளில் வைனுக்குப் பஞ்சமில்லை. சிலி, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா என்று நாடுகளும் பலவாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் சரக்கு. எந்த வருடம் வாங்கினாலும் ஒரே சுவை இருக்கவேண்டும் என்று பல தோட்டத்துப் பழங்களைக் கலந்து செய்தவை. குடிக்கலாம், குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு போத்தலுக்கும் அடுத்த போத்தலுக்கும் வித்தியாசம் தேடுகிறவருக்கு அங்கே வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

வருடத்துக்குச் சில ஆயிரம் போத்தல் மட்டும் செய்யும் குடும்பப் பண்ணையின் வைன் அந்தத் தட்டுக்கு வராது. கப்பலேற்றும் அளவுக்கு அவர்களிடம் சரக்கு இல்லை. இருந்தாலும் வரியும் இடைத்தரகும் சேர்ந்து விலையை ஏற்றிவிடும். உள்ளூர் வாடிக்கையாளரே முழுவதையும் வாங்கிவிடும்போது அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் அனுப்பப்போகிறார்கள்?

எங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. இங்கே அநேகமான வீடுகளுக்கு வெளிநாட்டில் ஒரு சொந்தம் உண்டு. அந்தச் சொந்தங்கள் போய்க் குடியேறிய இடங்களில் பாதிக்குமேல் வைன் விளையும் நாடுகள். ஆனால் வரும்போது அவர்கள் விமான நிலையக் கடையில் விஸ்கிதான் வாங்கி வருகிறார்கள். அந்த ஒரு பழக்கத்தை மாற்றினால் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் இருந்தபடியே, கொழும்பு நட்சத்திர விடுதிகளில்கூடக் கிடைக்காத வைன்களைச் சுவைக்கலாம்.

தொடங்குமுன் சட்டம்: இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது. போயா தினத்தில் மதுக்கடை பூட்டு. வாகனம் ஓட்டி வருபவர் சுவைத்துத் துப்பவேண்டும், அல்லது சோடாவோடு நிற்கவேண்டும்.

முதற்படி: தோலகட்டியில் தொடங்குங்கள்

வெளிநாட்டுப் போத்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் குடாநாட்டிலேயே ஒரு சிறு வைன் மரபு இருக்கிறது. 1928இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம் நெல்லி இரசத்துக்குப் பெயர் போனது. அதே சபைக் குடும்பத்தைச் சேர்ந்த கன்னியர் மடத்தின் வைனும் யாழ்ப்பாணத்துக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் தேடி வாங்கிப்போகும் பொருள். ரோசெட்டோ என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அதை வாங்கி ஒரு கோப்பையில் ஊற்றி மணந்து பாருங்கள். கறுவாவும் கராம்பும் முன்னுக்கு வரும், பிறகு இனிப்பு. ஐரோப்பாவில் நத்தார்க் காலத்தில் வைனுக்குள் வாசனைத் திரவியம் போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்களே, அந்த வகைக்கு நெருக்கம். பிரெஞ்சு மேசை வைனோடு இதை ஒப்பிட்டு “இது வைனே இல்லை” என்று மூக்கைச் சுளிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது வீண் பேச்சு. பழத்தின் மணம் எது, வாசனைத் திரவியத்தின் மணம் எது, இனிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்தறிய இதைவிட மலிவான பயிற்சி ஊரில் இல்லை.

கூடவே சந்தையில் உள்ளூர்த் திராட்சை ஒரு கொத்து வாங்குங்கள். இங்கே பந்தலில் விளைவது பெரும்பாலும் இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு இனம். ஒரு பழத்தின் தோலை மட்டும் உரித்து மெல்லுங்கள். பிறகு விதையைக் கடியுங்கள். நாக்கு வறண்டு இழுக்கும் அந்தத் துவர்ப்புக்கு வைன்காரர் தனின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வைன் தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பதால் அது வருகிறது. வெள்ளை வைனுக்குச் சாற்றை முதலே பிழிந்து எடுத்துவிடுவதால் அநேகமாக வராது. இதை வாயால் அறிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாம் படி: யாரிடம் எதைக் கேட்பது

“ஒரு நல்ல வைன் கொண்டு வா” என்று சொன்னால் வராது. சொந்தக்காரர் பாவம், விமான நிலையக் கடைக்குப் போய் விலை கூடியதாக ஒன்றைத் தூக்கிவருவார். இப்படி எழுதுங்கள்:

“மச்சான், வரேக்க டியூட்டி ஃப்ரீல ஒண்டும் வாங்காத. உன்ர ஊருக்குக் கிட்ட, தாங்களே பழம் நட்டுத் தாங்களே போத்தல்ல அடைக்கிற சின்னப் பண்ணை ஏதும் இருந்தால் அங்க போய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வா. விலை கூடினது வேண்டாம். உங்கட ஊர்ச் சனம் குடிக்கிறது வேணும்.”

சித்தப்பா, மாமா என்றால் “கொண்டு வாங்கோ” என்று மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி “எந்தப் பேர்?” என்பதாக இருக்கும். நாட்டை வைத்து இப்படிச் சொல்லலாம்.

சுவிஸ் சொந்தம் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த நாட்டு வைனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வெளியே போகிறது. மிச்சத்தை அவர்களே குடித்துவிடுகிறார்கள். ஆகவே சுவிஸ் வைன் என்றாலே யாரோ ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. வலே மாநிலத்துப் பெத்தித் ஆர்வின் என்ற வெள்ளையைக் கேளுங்கள். வாயில் முடியும்போது இலேசாக உப்புக் கரிக்கும். கடற்கரை ஊர்க்காரருக்கு அது உடனே பிடிபடும். ஷாஸ்லா என்ற இனம் இன்னும் மென்மை, வலேயில் அதையே பொந்தான் என்பார்கள். லெமான் ஏரிக்கரையில் லவோ என்ற அடுக்குத் தோட்டங்கள் இருக்கின்றன, 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கத்தைய ஷாஸ்லா கிடைத்தால் விடாதீர்கள்.

கனடா என்றால் ரொறன்ரோவிலிருந்து காரில் எட்டும் தூரத்தில் நயாகரா இருக்கிறது. எல்லாரும் நீர்வீழ்ச்சி பார்க்கப் போவார்கள், வழியில் இருக்கும் பண்ணைகளைத் தாண்டிப் போவார்கள். அங்கே வி.கியூ.ஏ. என்ற முத்திரை முக்கியம். அது இருந்தால் பழம் முழுக்க ஒன்ராறியோவில் விளைந்தது. இல்லாமல் வெறுமனே கனடாப் பெயரோடு மலிவாக விற்பதில் வெளிநாட்டு வைன் கலந்திருக்கலாம். நயாகராவின் பெருமை ஐஸ்வைன். பழத்தைக் கொடியிலேயே விட்டு, மறை 8 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே குளிர் இறங்கியபின் பறித்து, உறைந்தபடியே பிழிவார்கள். நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, இனிப்பும் புளிப்பும் மட்டும் சொட்டும். விலை கடுமை. ஆனால் 200 மில்லிலீற்றர்ச் சின்னப் போத்தலும் உண்டு, அது ஆறு பேருக்குப் போதும்.

ஜேர்மனியில் ஸ்ருட்கார்ட் பக்கம் சொந்தம் இருந்தால் திரொல்லிங்கர் கேளுங்கள். நகரத்துக்குள்ளேயே சரிவுகளில் கொடி நிற்கிறது. வெளிறிய சிவப்பு, துவர்ப்புக் குறைவு, வெளியூரில் பெயரே தெரியாது. மோசல் ஆற்றுப் பக்கமென்றால் ரீஸ்லிங், அதிலும் கபினெட் தரம். அதைப் பற்றிச் சாப்பாட்டுப் பகுதியில் பேசுவோம், ஏனென்றால் என் கணிப்பில் யாழ்ப்பாணத்து மேசைக்கென்றே பிறந்தது அது.

பாரிஸ்க்காரர் ஷம்பெய்ன் கொண்டுவருவதாகச் சொன்னால், பெரிய பெயர்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள். லேபிளின் அடியில் மிகச் சின்ன எழுத்தில் ஒரு இலக்கமும் அதற்குமுன் இரண்டு ஆங்கில எழுத்தும் இருக்கும். ‘ஆர்.எம்.’ என்றிருந்தால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்த விவசாயி. ‘என்.எம்.’ என்றால் பழத்தை வெளியில் வாங்கியும் செய்யும் நிறுவனம். லண்டன்காரருக்குக் கென்ற், சசெக்ஸ் பக்கத்துச் சுண்ணாம்பு நிலத்து நுரை வைன். மெல்பேர்ண்காரருக்கு யாரா பள்ளத்தாக்கு கிட்ட. இன்னும் தூரம் ஓட மனம் வந்தால் ரதர்க்ளென் மஸ்கட், காய்ந்த திராட்சையும் பாகும் மணக்கும் இனிப்பு வைன். நோர்வேக்காரரை விட்டுவிடவேண்டாம். அங்கே ஹார்டங்கர் பக்கத்து அப்பிள் சைடர் இருக்கிறது. வைன் இல்லைத்தான், ஆனால் சின்னத் தோட்டம், உள்ளூர்ப் பழம் என்ற கணக்கில் அதற்கும் எங்கள் மேசையில் இடமுண்டு.

மூன்றாம் படி: போத்தலின் முதுகைப் படியுங்கள்

கோட்டைப் படமும் தங்க எழுத்தும் எதையும் நிரூபிக்காது. தேடவேண்டியது, பழம் விளைவித்தவரே போத்தலடைத்தாரா என்ற ஒரு விடயம். பிரெஞ்சில் ‘மிஸ் ஆன் பூத்தேய்’ என்று தொடங்கும் வரி ‘ஓ டொமேன்’ அல்லது ‘ஓ ஷத்தோ’ என்று முடிந்தால் பண்ணையிலேயே அடைத்தது. ஜேர்மனியில் ‘குட்ஸ்அப்ஃபுல்லுங்’. ஆங்கிலத்தில் ‘எஸ்டேட் பொட்டில்ட்’. பிரான்சின் சுதந்திர வைன் விவசாயிகள் மூடியிலோ லேபிளிலோ ஒரு சின்னம் போடுவார்கள்: தோளில் பீப்பா சுமந்த மனிதன். சொந்தக்காரருக்கு அந்த உருவத்தைச் சொல்லிவிட்டால் மொழி தெரியாமலே கடையில் கண்டுபிடிப்பார்.

அடுத்தது மதுசாரத்தின் அளவு. 8 அல்லது 9 வீதம் என்றால் இனிப்பு மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். 14க்கு மேலென்றால் வெயில் ஊர்ப் பழம், கனத்த வைன், எங்கள் வெக்கைக்கு அவ்வளவு ஒத்துவராது. ஜேர்மன் வெள்ளையில் ‘ட்ரொக்கன்’ என்றிருந்தால் இனிப்பில்லை.

நான்காம் படி: வெக்கையிலிருந்து காப்பாற்றுங்கள்

750 மில்லிலீற்றர்ப் போத்தல் கண்ணாடியோடு சேர்ந்து ஒன்றேகால் கிலோ வரும். கைப்பையில் விடமாட்டார்கள், பதிவுப் பெட்டியில்தான் வரவேண்டும். இறுக்கமான பொலித்தீன் பைக்குள் போட்டு, ஜீன்ஸ் காலுக்குள் விட்டுச் சுருட்டி, பெட்டியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சுங்கத்தில் ஒருவருக்கு எவ்வளவு அனுமதி என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

உண்மையான ஆபத்து கட்டுநாயக்காவுக்குப் பிறகுதான். வானின் பின்பக்கத்தில், மூடிய பெட்டிக்குள், பகல் முழுக்க ஏ-9 வீதியில் வெந்து வந்த வைன் சமைத்த பழம்போல மணக்கும். இரவுப் பயணமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போத்தலைக் குளிரூட்டி அடிக்கும் முன்பக்கத்துக்கு எடுங்கள். தக்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றாலோ கழுத்தில் ஒட்டல் ஒட்டலாகக் கசிவு தெரிந்தாலோ சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். உள்ளூர்க் கடையில் வாங்கும்போதும் இதையே பாருங்கள். யன்னலோரத்து வெயிலில் நிற்கும் போத்தலை எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்ற புத்தக வசனத்தை மறந்துவிடுங்கள். அது 16, 18 பாகையில் இருக்கும் ஐரோப்பிய அறை. எங்கள் அறை 30. சிவப்பு வைனையும் முக்கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே திறக்கவேண்டும். வெள்ளையை முழுக்கக் குளிரவிட்டு, பத்து நிமிடம் வெளியே வைத்து ஊற்றினால் மணம் எழும். மாதக் கணக்கில் வைத்திருப்பதென்றாலும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுத்தான் இடம். தக்கைப் போத்தல் படுத்திருக்கட்டும், திருகுமூடி எப்படியும் நிற்கலாம்.

பயணம் செய்து வந்த வைன் ஒரு வாரம் ஆறுதலாகக் கிடப்பது நல்லது என்பார்கள். வெளிநாட்டுச் சனம் பெருவாரியாக வருவது நல்லூர்த் திருவிழாவுக்கு. 25 நாளும் பல வீடுகளில் மச்சம் மாமிசம் இல்லை, மதுவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே இந்த ஆறுதல் தானாகவே நடந்துவிடும்.

ஐந்தாம் படி: கூடுகிற மாலை

நாலு பேரிலிருந்து ஆறு பேர், மூன்று போத்தல். அதற்கு மேல் நாக்கு களைத்துவிடும். ஒருவருக்கு ஒரு தடவை 50 மில்லிலீற்றர், அப்படி ஊற்றினால் ஒரு போத்தலில் 15 தடவை வரும். சின்ன அளவாக ஊற்றுவதில் இன்னொரு நன்மை, கோப்பையில் கிடந்து சூடாகாது.

யாரைக் கூப்பிடுவது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. வழக்கமாகக் குடிக்கிற கூட்டத்தை மட்டும் கூப்பிட்டால் அரை மணியில் அது வேறு சபையாகிவிடும். வீட்டில் கறித்தூள் வறுத்து இடிக்கிற அம்மா, மாமி, அக்கா இருந்தால் அவர்களையும் மேசைக்கு அழையுங்கள். மல்லி எந்தக் கணத்தில் கருகத் தொடங்குகிறது என்று மூக்காலேயே சொல்லக்கூடியவர்கள் வைனில் சொல்லும் சொற்கள் துல்லியமாக இருக்கும். அவர்கள் விழுங்கவேண்டும் என்றுகூட இல்லை. தாத்தா காலத்து வெற்றிலைப் படிக்கம் ஒன்று எங்காவது கிடக்கும், மினுக்கி மேசையில் வையுங்கள். உலகெங்கும் வைன் சுவைப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள்.

வாய் ஒடுங்கிய கண்ணாடிக் கோப்பை வேண்டும். கலியாணத்துக்குப் பரிசாக வந்து கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடப்பவற்றை வெளியே எடுக்க இதுதான் சாட்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, மல்லிகைப் பூ, சென்ற் எல்லாம் அன்றைக்கு விலக்கு. போத்தல்களைப் பழைய பேப்பரில் சுற்றி இலக்கம் போடுங்கள். எது யார் கொண்டுவந்தது என்று தெரியாதபோதுதான் ஆட்கள் உண்மை பேசுவார்கள். நுரைப்பது முதலில், பிறகு இனிப்பில்லாத வெள்ளை, பிறகு சிவப்பு, இனிப்பானவை கடைசியில்.

கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேல் சரித்து நிறத்தைப் பாருங்கள். இலேசாகக் கலங்கியிருந்தால் பயப்படவேண்டாம், வடிகட்டாமல் அடைக்கும் சின்னப் பண்ணைகள் நிறைய. கள்ளுக் குடித்த ஊருக்கு அது புதினமில்லை. பிறகு சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள். ஒரு வாய் எடுத்து, கன்னம் இரண்டுக்கும் அலைந்து, உதட்டிடுக்கால் கொஞ்சம் காற்றை இழுங்கள். சத்தம் வரும், வரட்டும்.

சொல்லும்போது புத்தகத்துச் சொற்களைத் தேடவேண்டாம். பிளக்பெரி, கசிஸ் என்று அவர்கள் எழுதிவைத்த பழங்களை நாங்கள் கண்டதில்லை. நாவற்பழம், இலந்தை, விளாம்பழத்தின் புளித்த வாசம், தேசிக்காய்த் தோல், பனாட்டு, மழை விழுந்த செம்மண், புதுப் புகையிலை உலர்த்துகிற கொட்டில். கறுத்தக்கொழும்பானின் காம்படியில் வரும் அந்தப் பிசின் மணம் சில வெள்ளை வைன்களில் அப்படியே இருக்கும். தவறணையில் பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் வாயில் வைத்தவுடன் பிரிக்கிற ஆட்களுக்கு இதெல்லாம் கடினமில்லை.

நனைந்த மட்டைப் பெட்டி மணம் வந்தால் தக்கை கெட்டிருக்கிறது, அந்தப் போத்தலை ஒதுக்குங்கள். வினாகிரி மணம் வந்தால் அதுவும் முடிந்தது. தீக்குச்சி உரசிய மணம் மட்டும் சுழற்றச் சுழற்றப் போய்விடும்.

ஆறாம் படி: எங்கள் சாப்பாட்டோடு

சுவைத்து எழுதி முடித்தபின் சாப்பாட்டை வையுங்கள், முதலே வைத்தால் உறைப்பு எல்லாவற்றையும் அழித்துவிடும். யாழ்ப்பாணத்துக் கறிக்குப் பொது விதி ஒன்றுதான்: மதுசாரமும் துவர்ப்பும் மிளகாயின் எரிவைக் கூட்டும், இனிப்பும் குளிரும் அதை அடக்கும். அதனால் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குக் கனத்த சிவப்பு என்று பலர் எடுப்பது நாக்கைச் சுட்டுக்கொள்ளும் வேலை. திரொல்லிங்கர், கமே போன்ற மெல்லிய சிவப்பைக் குளிரவைத்து எடுங்கள்.

நண்டுக்கறிக்கு மோசல் கபினெட். 8, 9 வீத மதுசாரம், இலேசான இனிப்பு, அதற்குச் சமமான புளிப்பு. முருங்கையிலை போட்டு இறக்கிய குழம்பை ஒரு வாய், குளிர்ந்த ரீஸ்லிங் ஒரு மிடறு என்று எடுத்தால் நண்டின் சொந்த இனிப்பு மேலே வரும். மீனெண்ணெய்ப் பசையுள்ள சூடை, சாளைக்குத் துவர்ப்புச் சிவப்பு வேண்டாம், வாயில் இரும்பு வாசம் அடிக்கும். கணவாய்ப் பொரியலுக்கும் கட்லட்டுக்கும் பொந்தான். பருத்தித்துறை வடையை ஷம்பெய்னோடு கடித்துப் பாருங்கள். எண்ணெய், உறைப்பு, மொறுமொறுப்பு எல்லாவற்றையும் நுரை கழுவிக்கொண்டு போகும்.

ஒடியற்கூழுக்கு எதுவும் வேண்டாம். அதைப் பிலாவிலையில் தனியாகக் குடியுங்கள்.

இனிப்பு வைனுக்கு ஒரு எச்சரிக்கை: தின்பண்டம் வைனைவிட இனிப்பாக இருந்தால் வைன் வெறும் புளியாகத் தெரியும். ரதர்க்ளென் மஸ்கட் எள்ளுருண்டைக்கு ஈடுகொடுக்கும். ஐஸ்வைனைத் தனியே விடலாம்.

ஏழாம் படி: எழுதி வையுங்கள், பதில் அனுப்புங்கள்

லேபிளைப் படம் எடுத்து, கீழே மூன்று வரி: மணம், வாய், எந்தக் கறியோடு. நட்சத்திரம் போடவேண்டாம், ‘திருப்பி வாங்குவேனா’ என்பது போதும். பிடித்த போத்தலில் பழத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பழத்தை வேறு நாட்டுச் சொந்தத்திடம் கேளுங்கள். சுவிஸ் பினோ நுவாரையும் யாரா பினோ நுவாரையும் அருகருகே வைத்தால் மண்ணும் குளிரும் என்ன செய்கின்றன என்பது ஒரு மாலையில் விளங்கும்.

மிஞ்சிய வைனை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெள்ளையும் சிவப்பும் இரண்டு மூன்று நாள், மஸ்கட் வாரக் கணக்கில் தாங்கும். போத்தல் கொண்டுவந்தவருக்கு உங்கள் மூன்று வரியை வாட்ஸ்அப்பில் அனுப்ப மறக்காதீர்கள். அநேகமாக அவர் தன் ஊர் வைனைக் குடித்தே இருக்கமாட்டார், அடுத்த முறை இரண்டாக வாங்கி ஒன்றை அங்கேயே திறப்பார்.